கடையில் அணையாத கம்ப்யூட்டர்

மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுகிறது என்று மெக்கானிக் அந்த வீட்டுப் படியேறுவது இது மூன்றாவது முறை. மாப்பிள்ளை என்றால் தங்கையின் புருஷன். கட்டட வரைபடம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். சேமிப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்தால் பாதி வரைந்த வீடு காற்றோடு போகும். போனால் தங்கைக்கு அடி விழும். கூட்டுகிறேன், துடைக்கிறேன் என்று அவள்தான் எதையோ இழுத்துவிடுகிறாள் என்பது அவன் கட்சி.

மெஷின் சரியானால் அவரும் சரியாகிவிடுவார் என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். கேட்கச் சகிக்காத பேச்சு. ஆனால் மெக்கானிக் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஆள் சாது. மனுஷனோடு மல்லுக்கு நிற்பதைவிட மதர்போர்டோடு மல்லுக்கு நிற்பது அவனுக்குச் சுலபம். முதல் முறை தூசி தட்டி ஃபேனை மாற்றினான். இரண்டாம் முறை பவர் சப்ளையை மாற்றி, பெட்டியைக் கடைக்கே தூக்கிப்போய் இரண்டு நாள் ஓடவிட்டான். ஒரு தும்மல்கூடப் போடாமல் ஓடியது. திருப்பிக் கொடுத்த மறுநாளே பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது.

இன்று காலை கதவைத் திறந்த தங்கையின் கீழுதடு பிளந்து வீங்கியிருந்தது. கதவு இடித்துவிட்டதாம். கதவுக்கு எப்போது மோதிரம் போட்ட கை முளைத்தது என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் வெட்கங்கெட்டவன், பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் எதிர்பாராமல் அணைந்த நேரங்களையெல்லாம் அதுவே குறித்து வைத்திருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்து, வேலை செய்யும்போது செய்கிற வழக்கப்படி வாய்விட்டுப் படித்தான். மூன்றாம் தேதி, காலை ஒன்பது ஐம்பது.

"அன்னைக்கு விலா," என்றாள் பின்னால் நின்ற தங்கை.

ஏழாம் தேதி, மதியம் இரண்டு பத்து.

"சுடுதண்ணி."

அடுத்ததைப் படிக்காமல் பட்டியலை மூடினான். அதற்குள் மாப்பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். அவளைச் சமையலறைக்கு விரட்டிவிட்டு, தான் வரைவதாகவும் மச்சான் பக்கத்தில் இருந்தே கவனிக்கட்டும் என்றும் சொல்லி உட்கார்ந்தான்.

அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வரைபடம் கேட்டிருந்த வீட்டுக்காரர் ஒருவர் போனில் வந்தார். மாடிப்படியை மறுபக்கம் மாற்ற வேண்டுமாம். மாப்பிள்ளை போனை வைத்தான். மேசையை ஓங்கி ஒரு குத்து. திரை இருண்டது.

"பாத்தீங்களா மச்சான், அவ வேலைய!" என்று எழுந்து சமையலறைக்குப் பாய்ந்தான்.

அவள் பத்தடி தள்ளி, இரண்டு கையும் பாத்திரத்தில் இருக்க நின்றிருந்தாள். மெக்கானிக்கோ மேசைக்கடியில் குனிந்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் பெட்டியைத் தட்டினான். எழுந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது. மதர்போர்டில் எங்கோ ஈயப்பற்று விட்டிருக்கிறது, அதிர்ந்தால் அணைகிறது. கடையில் யாரும் மேசையைக் குத்துவதில்லையே! கண்டுபிடித்துவிட்டேன் என்று அவன் முகம் மலர்ந்தது. அப்போதுதான் சமையலறையில் குழாயில் எலும்பு மோதும் சத்தம் கேட்டது.

ஓடினான். மாப்பிள்ளை அவள் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு நெற்றியைக் குழாயில் மோதிக்கொண்டிருந்தான். தொட்டித் தண்ணீர் சிவந்திருந்தது. மெக்கானிக் பின்னாலிருந்து இழுத்தான். முழங்கை ஒன்று வந்து அவன் மூக்கை உடைத்தது. அதற்குமேல் சாது சாதுவாக இல்லை. பிடரியைப் பிடித்துச் சுவரில் மோதினான். வாயில் குத்தினான். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, பல் ஒன்று உடைந்து தன் விரலில் தைக்கும்வரை குத்தினான். அவனுக்கு அது இனித்தது, அதுதான் அசிங்கம்.

"மெஷின் ஒழுங்கா இருந்தா நான் ஏன் மச்சான் கை நீட்டப்போறேன்," என்று ரத்தத்தோடு குழறினான் மாப்பிள்ளை.

"நீங்க மேசையக் குத்துனதுக்கு அப்புறம்தான் அது அணையுது, மாப்பிள்ளை. அது அணைஞ்சு நீங்க குத்தல."

தங்கை அதைக் கேட்டாள். நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டே உள்ளே போய், கையில் கிடைத்ததை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள். கீழே கிடந்தவனைத் தாண்டி வாசலில் செருப்பு மாட்டினாள். மெக்கானிக் மூக்கைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தான். மெஷினில் கோளாறு கிடைத்துவிட்டது, பத்து நிமிஷ வேலைதான், முதலிலேயே தெரிந்திருந்தால் என்று என்னென்னவோ சொன்னான்.

அவள் படியில் நின்று திரும்பினாள்.

"மூணு தடவை வந்து அதைத் திறந்து திறந்து பாத்தியேண்ணா," என்றாள். "எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு தடவை கேட்டியா?"