தண்ணிப்பாம்பு கடித்த கை

தாராவியில் தோல் பதனிடும் அப்துல் ரவூப் எதைக் கட்டவும் கயிறு தேடமாட்டார். பக்கத்தில் கிடக்கும் பச்சைத் தோலில் ஒரு வார் அறுத்து, ஈரத்தோடு இறுக்கிவிடுவார். காயக் காய அது சுருங்கி இரும்பாகப் பிடிக்கும். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

எண்பத்துமூன்று அக்டோபரில் ஒரு முற்பகல், தோல் ஊறும் தண்ணீர்த் தொட்டிக்குள் கைவிட்ட அவர் மனைவி மெஹராஜ் அலறினாள். புறங்கையில் ரத்தம். தொட்டி விளிம்பில் ஒரு பாம்பு தலையைத் தூக்கி, கழுத்தை அகலமாக்கி நின்றது. ரவூபுக்கு உயிரே போய்விட்டது. நல்ல பாம்பேதான் என்று முடிவுகட்டி, ஓர் ஈர வாரை எடுத்து அவள் மணிக்கட்டை இறுக்கினார். அதற்குள் பட்டறை ஆட்கள் பாம்பை அடித்துப் போட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பேராச்சி தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். செத்த பாம்பைக் குச்சியால் புரட்டினாள். முதுகில் சதுரங்கப் பலகை போலக் கறுப்புக் கட்டங்கள். கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். நல்ல பாம்புக்குப் பிடரியில் இருக்கும் அடையாளம் இதற்கு இல்லை. மெஹராஜின் கையிலும் ஆழமான பல் தடம் இல்லை, வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல்கள்தான்.

“இது தண்ணிப்பாம்பு பாய். பயந்தா இதுவும் கழுத்த விரிக்கும். வெசம் கெடயாது, வார அவுத்து விடுங்க.”

ரவூப் அவளை முறைத்தார். “ஒங்க பேச்சக் கேட்டு அவுத்து, இவளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா நான் என்னக்கா செய்வேன்?”

பேராச்சி செத்த பாம்பை ஒரு டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

டாக்ஸி கிடைத்தது. ஆனால் வழியில் ஒரு மோர்ச்சா, கொடி பிடித்த ஊர்வலம், ரோட்டை அடைத்துக்கொண்டு நகரவே இல்லை. ஜன்னல் வழியே வெயில் நேராக அந்தக் கையில் விழுந்தது. வார் காய்ந்தது. கை விண் விண்ணென்று தெறிக்கிறது என்று மெஹராஜ் அழுதாள். விரல்கள் நீலம் பாரித்தன. பாவி மனிதர், அதையும் விஷம் என்றே நினைத்து, அதற்கு மேல் மடியில் செருகி வந்திருந்த இன்னொரு வாரையும் சுற்றினார்.

ஆஸ்பத்திரி டாக்டர் கடிவாயையும் டப்பாவில் கொண்டுபோன பாம்பையும் பார்த்து, விஷமே இல்லை என்றார். வாருக்கடியில் கத்தரி நுழைய மறுத்தது. இதை யார் கட்டியது என்று அவர் கேட்டபோது ரவூப் தரையைப் பார்த்தார்.

கை தப்பியது. விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை.

பட்டறையில் இப்போது சணல் கயிறுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் விறைத்த விரல்களைப் பார்த்து விசாரிக்கும்போதெல்லாம், இன்றைக்காவது அவள் உண்மையைச் சொல்லி நம்மைத் திட்டித் தீர்த்துவிடமாட்டாளா என்று ரவூப் அவள் வாயையே பார்ப்பார்.

மெஹராஜ் முக்காட்டுக்குள் கையை இழுத்துக்கொண்டு சொல்வாள்.

“பாம்பு கடிச்சிட்டு.”