ஈரம் காயுமுன்

தாவரப் பூங்காவின் கண்ணாடி மாளிகை, வீட்டிலிருந்து மூன்றே பஸ் நிறுத்தம். ஆனாலும் கண்ணாடி மேஸ்திரி இரண்டு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வேலைக்குப் போனாலும் சுற்றுவழி பஸ்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஒரே பிடியாகப் பிடித்தாள். வகுப்பில் எல்லாரும் பார்த்துவிட்டார்களாம், அவள் ஒருத்திதான் பாக்கியாம்.

"போலாங்க," என்றாள் மனைவி. "என் தம்பி விழுந்த இடத்தை நானும் ஒரு தடவை பாக்கணும்."

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

நூற்று நாற்பது வருடத்துக் கட்டடம். இரும்பு வளைவுகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் கண்ணாடிகள். அவற்றில் பாதி அவரும் மைத்துனனும் சேர்ந்து மாற்றியவை. உள்ளே நுழைந்ததுமே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. வெளியே மூட்டம். பனைகள் கறுத்துப்போய் நின்றன. குளத்தில் தாம்பாளம் போல மிதந்த இலைகளைக் காட்டி, "அப்பா, இதுமேல நான் உக்காந்தா முங்கிடுமா?" என்று கேட்டாள் மகள்.

"நீ திங்கிற தீனிக்கு குளமே முங்கிடும்," என்றார். சிரிப்பு மட்டும் வரவில்லை.

மனைவி அண்ணாந்தபடியே நடந்தாள். "எந்த இடங்க?"

கூரையின் நடுவே உயர்ந்து நின்ற கண்ணாடிக் கூண்டுக்கு நேர் கீழே, சுழல்படியோரம். கையைக் காட்டினார். அங்கே இப்போது ஒரு செடித்தொட்டி இருந்தது. அவள் அதைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மகள் சுழல்படியில் ஏறிவிட்டாள். நீர் சொட்டி இரும்பு வழுக்கலாகக் கிடந்தது. மனைவி பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சொன்ன பேச்சே கேக்க மாட்டியா? அப்படியே உன் மாமா! ஏறாதேன்னு அப்பா தலைப்பாடா அடிச்சிக்கிட்டாரு. கேக்காம ஏறித்தான் அவன் போய்ச் சேர்ந்தான். தெரியுமில்ல?"

மகள் மிரண்டுபோய்த் தலையாட்டினாள்.

மேஸ்திரி இதே பேச்சை மாமியார் வாயால் எத்தனையோ முறை கேட்டு, தட்டில் கண்ணை வைத்துக்கொண்டு சமாளித்தவர்தான். குழந்தை அதை நம்பித் தலையாட்டியது தாங்கவில்லை.

"நான் ஏறாதேன்னு சொல்லல," என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"நான்தான் ஏறச் சொன்னேன். அன்னைக்கு ஏற வேண்டியது என் முறை. மழை அப்பத்தான் விட்டிருந்துச்சு. 'ஈரம் காயட்டும் மாமா'ன்னான். எல்லார் முன்னாடியும் 'பயந்தாங்கொள்ளி'ன்னு சிரிச்சேன். ரோஷத்துல ஏறிட்டான். நான் டீ குடிக்கப் போயிட்டேன்."

அவள் மகளின் கையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்போ பேச்சைக் கேட்டுத்தான் செத்திருக்கான்." குரல் உயரவேயில்லை. "செத்த புள்ளைய எங்கம்மா ரெண்டு வருஷமா திட்டிட்டிருக்காங்க. பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தீங்க?"

ஆமென்று அவர் தலையாட்டினார்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. இன்னைக்கே."

மாமியார் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் மகளோடு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவர் பின்னால் நின்றே வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை!" என்று மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஸ்திரி உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று காத்திருந்தார். அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மன்னிச்சிடுடா கண்ணு. உன்னைப் போய் என்னென்ன பேசிட்டேன்..."

மனைவியும் மகளும் அங்கேயே தங்கிவிட்டார்கள். மறுநாள் மேஸ்திரி, பழுதுவேலையை எடுத்திருந்த கம்பெனிக்குப் போனார். விபத்து அறிக்கையில் 'எச்சரிக்கையை மீறி ஏறினார்' என்று இருந்ததை மாற்றச் சொன்னார்.

"அதெல்லாம் மூடியாச்சு மேஸ்திரி. இப்ப எதுக்குக் கிளறுறீங்க?" என்றார் குமாஸ்தா.

நடந்ததை ஒரு தாளில் தம் கைப்பட எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். அதை யார் படித்தார்கள் என்று தெரியாது.

பத்து நாள் கழித்து, மகளின் பள்ளிக்காக மனைவி திரும்பி வந்தாள். தேவைக்கு மட்டும் பேசினாள். மாமியார் அதன்பிறகு அவர் வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை.