ஒருக்களித்த கோள்

கோளரங்கத்தின் சாய்வு நாற்காலியில் முதுகு பட்டதுமே அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. தூங்கிவிடக் கூடாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். வட்டக் கூரையில் நட்சத்திரங்கள் முளைத்தன. இருட்டுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் வந்தது. குரலா அது, தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவன் 'கோள் வாத்தியார்'. வீட்டில் இரண்டு வார்த்தை பேச நேரமில்லாத வாய், இங்கே காட்சிக்குக் காட்சி அருவியாகக் கொட்டுகிறது.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து இது இரண்டாவது வருடம். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் அவள் தலையில். மருந்துக்கடை வேலையையும் விட்டாயிற்று. வாரத்தில் பாதி நாள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்த அண்ணன், மூன்று மாதமாகத் தலைகூடக் காட்டவில்லை. கேட்டால் விடுமுறைக் கூட்டம், நகர முடியாது என்பான். அதனால்தான் இன்று பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு அவளே கிளம்பி வந்தாள். கூடப்பிறந்தவனைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

யுரேனஸ் வந்தது. வெளிறிய நீலப்பச்சையில் கறையே இல்லாத உருண்டை. மற்ற கோள்கள் பம்பரம்போல் சுற்ற, இது மட்டும் ஒருக்களித்துப் படுத்தபடியே சூரியனைச் சுற்றுகிறது என்றான். அதன் மெல்லிய வளையங்கள் கட்டில் கம்பிபோல் செங்குத்தாக நின்றன. ஆதியில் ஏதோ பெரிதாக ஒன்று மோதித் தள்ளியிருக்கலாமாம். ஒரு துருவத்துக்கு நாற்பத்திரண்டு வருடம் வெளிச்சம், பிறகு நாற்பத்திரண்டு வருடம் இருட்டு. அந்த இடத்தில் குரலைத் தழைத்தான். பிள்ளைகள் உச்சுக்கொட்டினார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கேயோ கிடக்கிற பனி உருண்டைக்கு இரக்கப்படத் தெரிகிறது, அரைமணி பஸ் தூரத்தில் கிடக்கிற மனிதருக்கு இல்லை.

கேள்வி நேரத்தில் மைக் அவள் கைக்கு வந்தது.

"விழுந்து கிடக்குதே, அதை யாரு புரட்டிப் போடுவாங்க?"

அரங்கம் சிரித்தது. மைக்கில் குரல் மாறி ஒலித்ததால் ஆள் தெரியாமல் அண்ணனும் சிரித்தான். "யாராலயும் முடியாதும்மா. காலங்காலமா அப்படியே கிடக்கு. அதுக்குப் பழகிப்போச்சு."

கடைசியாக ஃபோனில் பேசியபோது அப்பாவைப் பற்றியும் இதையேதான் சொன்னான். அதே சொல், அதே இழுவை.

"பழகாதுண்ணா," என்றாள். "புரட்டலன்னா முதுகு புண்ணாயிடும். விரல் உள்ள போற அளவுக்குப் புண்ணு."

சிரிப்பு நின்றது. யாரோ விளக்கைப் போட்டார்கள். அவள் படியிறங்கிப் போய் அவன் மேசைமேல் வீட்டுச் சாவியை வைத்தாள். அவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, அடுத்த காட்சி இருக்கிறது, மானத்தை வாங்காதே என்று பல்லைக் கடித்தான்.

"அடுத்த காட்சிக்கும் நான் டிக்கெட் எடுத்திருக்கேன். பக்கத்து வீட்டு அக்கா இப்ப கிளம்பிடுவாங்க. அப்பா இடது பக்கமா படுத்திருக்காரு. வலது பக்கம் திருப்பணும்."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அப்பாவைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. புதுக் கூட்டம் சத்தமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் அணைக்காத யுரேனஸ் கூரையில் வெளிறித் தெரிந்தது. மேசைக்கு முதுகைக் காட்டி அவள் நாற்காலியில் ஒருக்களித்துப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சாவி மேசையிலிருந்து எடுக்கப்படும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.