டீச்சருக்குப் பதினான்கு மாத்திரை

ரிட்டயர் ஆகிப் பல வருடமாகியும் தெருவில் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். வாய் ஓயாது. முன்பு பஸ் டிரைவராக இருந்த அவள் புருஷன், "கொஞ்சம் சும்மா இரேன்" என்று கெஞ்சாத நாளில்லை. இப்போது இரண்டு வருடமாகச் சும்மாதான் இருந்தாள். நாற்காலியில் தலை தொங்கும். எதைக் கேட்டாலும் "ம்". வயசாகிவிட்டது என்றார்கள்.

ஒரு நாள் மருந்துக்கடை அம்மா, அவர் நீட்டிய சீட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஐயா, டீச்சர் நல்லா பேசுறாங்களா?"

"அவ என்னைத் திட்டி ரொம்ப நாளாச்சும்மா."

"வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் கொண்டாங்க."

பதினான்கு இருந்தன. பிரஷர் மாத்திரையால் கால் வீக்கம். வீக்கம் வடிய ஒன்று. அதனால் அடிக்கடி சிறுநீர். அதை அடக்க இன்னொன்று. அது புத்தியை மந்தமாக்கும். தூக்க மாத்திரையோ இரண்டு பெயரில் இரண்டு. எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கடை அம்மாவே டாக்டரிடம் போனாள்.

டாக்டர் முகம் சுளித்தார். "இதுல பாதி நான் எழுதினதே இல்ல."

"மூணு டாக்டர் எழுதினது சார். எல்லாத்தையும் ஒண்ணா பாத்தவங்க யாரும் இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு மாற்றம். டாக்டர் பரிசோதிப்பார், கடை அம்மா போனில் விசாரிப்பாள். தூக்க மாத்திரையைக் குறைத்தபோது டீச்சர் நடுங்கினாள். டாக்டர் இன்னும் மெதுவாகக் குறைத்தார். ஐந்து மாதத்தில் ஆறு மாத்திரைதான் மிச்சம்.

ஒரு காலையில் அவள் சொன்னாள்: "சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. இப்படியேதான் தெருவுல போறீங்களா?"

அவர் பட்டனைத் தொடாமல் நின்றார். இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்றிருந்தது.

அவள் வேறொன்று கேட்டாள். "தங்கச்சி ஏன் போனே பண்ணல?"

அவர் உட்கார்ந்தார். "அவ போய் ஒரு வருஷமாச்சும்மா. சாவுக்கு நீயும் வந்திருந்தே."

"நான் அழுதேனா?"

"தூங்கிட்டிருந்தே."

"கடைசியா அவ என்ன பேசினா?"

"தினம் கூப்பிடுவா. அக்காகிட்ட குடுங்க மாமான்னுவா. உன் காதுல வைப்பேன். நீ 'ம்'னு சொல்லுவே, அதுக்கே அரை மணி நேரம் பேசுவா."

"என்ன பேசினா?"

"போன் உன் காதுல இருந்துச்சு. எனக்குக் கேக்கல."

டீச்சர் அழுதாள். அவர் அவளை அழ விட்டு, பக்கத்திலேயே இருந்தார்.