பையில் ஒரு வறட்டி

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இருநூற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்று மாலைதான் நிரஞ்சன் முதல் தடவையாக என்னை வெளியே அழைத்தார்.

“இன்னைக்கு நைட் ஷோ போலாமா, மிருது?”

கோவையில், கல்யாணமான புதிதில், சனிக்கிழமைதோறும் நைட் ஷோ போவோம். இலங்கை மலைநாட்டில், இந்த வட்டகொடையில் தியேட்டர் கிடையாது.

“என்ன ஷோ?”

“காமன் கூத்து. எஸ்டேட்டு மேல் டிவிஷன்ல. லயத்து ஆளுங்க வருசா வருசம் போடுறது.”

“வருசா வருசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஃபேக்டரில சொன்னாங்க.” சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

நான் அவருடைய பையை நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் டார்ச் லைட்டைத் தேடி அதைத் திறந்தபோது, அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன். வறட்டி. வட்டமாகத் தட்டி, நன்றாகக் காய்ந்த சாண வறட்டி. விரல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது. சின்ன விரல்கள். பெண்ணுடையவை.

பழையபடி சுற்றி வைத்துவிட்டேன்.

தேயிலைத் தூளிலிருந்து காம்பைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. விழும் ஒவ்வொரு துகளையும் கேமரா பார்க்கும். நிறம் வேறாக இருந்தால் காற்றை ஊதித் தள்ளிவிடும். நிரஞ்சனின் கம்பெனி அதைக் கோவையில் செய்கிறது. இங்குள்ள ஃபேக்டரிகளில் பொருத்திப் பராமரிக்க இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்திருக்கிறோம். நான் வேதியியல் படித்தவள். இங்கே வேலை பார்க்க எனக்கு விசா இல்லை. அறிமுகமில்லாதவர்களிடம் பேசவும் வராது. பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றுதான் மிச்சம்.

முதல் நாளே ஒன்றைப் பார்த்தேன். ரயிலை விட்டு இறங்கியதும் ஃபேக்டரி வேன் வரும் என்றார்கள். வரவில்லை. நிரஞ்சன் யாரிடமும் வழி கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைகளுக்குப் பின்னால் இருந்த குறுக்குப் பாதையில் ஏறினார். பாதி வழியில், “இங்க ஒரு பீலி இருக்கும், தண்ணி குடிச்சுக்கலாம்” என்றார். வளைவைத் தாண்டினோம். பாறையில் செருகிய தகரத்தின் வழியாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பீலி என்ற சொல்லையே நான் அன்றுதான் கேட்டேன். இலங்கைக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று அவர் சொல்லியிருந்தார்.

பிறகு மஃறூப் நானாவின் கடை. மாவு வாங்கப் போன என்னிடம் அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

“ஒங்கட மாப்பிள்ள நல்ல மனுசன். ஞாயித்துக்கிழமைக்கு நாலு பாண் எடுப்பார். ரெண்டு வீட்டுக்கு, ரெண்டு லயத்துக்கு.”

எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பாண் ரொட்டிதான் வந்துகொண்டிருந்தது.

நிரஞ்சனின் சக ஊழியர் ஒருவரின் மனைவி போனில் பேசும்போது சொன்னது அடுத்தது. “அஸ்ஸாமுக்குத்தானே போட்டிருந்தாங்க? நிரஞ்சன்தான் மேனேஜர்கிட்ட மல்லுக்கட்டி இலங்கையைக் கேட்டு வாங்கினாராம்.” என்னிடம் அவர், கம்பெனி அனுப்புகிறது, மறுக்க முடியாது என்று சொல்லியிருந்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூரத்திலேயே பின்தொடர்ந்து போனேன். மேல் டிவிஷனில் ஏழாம் நம்பர் லயம். தோட்டத் தொழிலாளர்களின் ஒற்றையறை வீடுகள், காம்பராக்கள், வரிசையாக ஒட்டி நிற்கும் கட்டடம். கடைசிக் காம்பராவின் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். சிவப்புச் சுவெட்டர் போட்ட ஒரு பெண் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஏதோ சொல்ல, அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. தேயிலைச் செடிகளுக்கு இடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். சாயங்காலம் நான்கு மரத்தக்காளியோடு வந்தார்.

“ஃபேக்டரில குடுத்தாங்க.”

அந்தப் பழத்தை அவர் உப்பு போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

முன்பே இங்கே வந்திருக்கிறார். இங்கே யாரோ இருக்கிறார்கள். இந்த இரண்டையும் தவிர வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அண்ணனிடம் மட்டும் சொன்னேன். சனிக்கிழமைக்குக் கொழும்பிலிருந்து விமானம் இருக்கிறது, டிக்கெட் போட்டுவிடட்டுமா, இன்றிரவுக்குள் சொல் என்று அவன் கேட்டிருந்தான். வறட்டியைப் பார்த்த பிறகும் நான் பதில் அனுப்பவில்லை. மனைவிக்குத் தெரியாமல் இன்னொருத்தி வீட்டுக்குப் போகிறவன் பையில் வறட்டி எதற்கு? அது மட்டும் எதிலும் பொருந்தவில்லை.

“போலாம்” என்றேன்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பையை அவர் தோளில் மாட்டிக்கொண்டார். நான் தூக்குகிறேன் என்றேன். தரவில்லை. மூடுபனி இறங்கியிருந்தது. டார்ச் வெளிச்சம் நான்கு அடிக்கு மேல் போகவில்லை. அவர் டார்ச்சை எனக்கே விட்டுவிட்டு முன்னால் நடந்தார். கால் எங்கும் தடுமாறவில்லை.

“எங்கப்பா எதை வேணா பொறுத்துக்குவார். பொய் சொன்னா மட்டும் பொறுக்க மாட்டார்” என்றேன். யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது.

அவர் நடந்துகொண்டே கேட்டார்.

“நிச்சயத்தன்னைக்கு ஒரு வரனைப் பத்திச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?”

இருந்தது. அப்பா சபையில் பெருமையாகச் சொன்னார். ‘முன்னாடி ஒரு பையன் வந்தான். இன்ஜினியர். விசாரிச்சா சிலோன்காரங்க. வாசலோட அனுப்பிட்டேன்.’ இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு நீலகிரியில் குடியேறியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அப்பா நிரஞ்சனிடம் பூர்வீகம் கேட்டார். “துறையூர் பக்கம். இப்ப குன்னூர்” என்று அவர் பதில் சொன்னார்.

“அந்தப் பையன் என்ன பொய் சொன்னான்?” என்று இப்போது கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலை. அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“சும்மா கேட்டேன்.”

பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேல் டிவிஷன் மைதானத்தில் டியூப் லைட் கட்டியிருந்தார்கள். நடுவில் வைக்கோல் சுற்றிய காமன் கம்பம். அதன் உச்சிக்கு எதிர்த்த மரத்திலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. சிவன் கண் திறக்கும்போது அந்தக் கம்பியில் வாணம் ஓடிவந்து காமனை எரிக்கும். தப்பு அடிக்கிறவர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். நான் கவனித்தேன்.

சிவப்புச் சுவெட்டர் எழுந்து வந்தது.

“வாங்கக்கா. நான் ஜெயந்தினி. ஒங்க வீட்டுக்காரரு ஒங்கள கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாரே. யாரும் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயமா?”

நிரஞ்சன் தரையைப் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். சின்ன விரல்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

ரதியும் மன்மதனும் ஆடி வந்தார்கள். ரதிக்கு ஜிகினாத் தாள் கிரீடம், நீலச் சேலை, கன்னத்தில் ரோஸ் பவுடர். ஆட ஆட இடுப்பிலிருந்து சேலை நழுவியது.

“அந்த ரதியப் பாருங்கக்கா” என்றாள் ஜெயந்தினி. “தர்ஷன். த்ரீவீல் ஓட்டுறாரு. மீசைய எடுக்க மூணு நாளு அழுதாரு. சித்திரையில அதத்தான் நான் கட்டிக்கப் போறேன். என்னைய விட அழகா இருக்குல்ல?”

பின்னாலிருந்த ஒரு பெண், “சேலை கட்டவும் அதுதான் ஒனக்குச் சொல்லிக் குடுக்கணும்” என்றாள்.

“குடுக்கட்டும். நான் த்ரீவீல் ஓட்டிக்கிறேன்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு உடனே நின்றது. இவள் இல்லை என்றால், வேறு என்ன? அந்தக் காம்பராவில் அவருக்கு என்ன இருக்கிறது? இவர்கள் எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாதது என்ன?

“ஜெயந்தினி” என்றேன். “அவர் எதுக்கு உங்க வீட்டுக்கு வர்றார்?”

அவள் நிரஞ்சனைப் பார்த்தாள். பிறகு என்னை.

“அத அவருகிட்டயே கேளுங்கக்கா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டோம், அம்மாவும் நானும். அவரு எங்களப் பாக்க வரல. அது மட்டும் சொல்றேன்.”

போன் அதிர்ந்தது. அண்ணன். ‘போடட்டுமா?’

தப்பு நின்றது. கூத்தை நடத்தும் பொன்னையா கம்பத்தருகில் வந்தார். வேட்டி, கம்பளிக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி. இனிமேல்தான் காமனை எரிப்பார்கள் என்றாள் ஜெயந்தினி. அதற்கு முன்னால் வறட்டி வைக்க வேண்டும்.

என் முதுகு நிமிர்ந்தது.

“வறட்டியா?”

“இந்தக் கம்பத்த மொதமொதல்ல நட்ட வீடுங்க இருக்குல்ல, அந்த வீட்டு ஆளுங்க ஆளுக்கொண்ணு கம்பத்தச் சுத்தி வைக்கணும். பேரு சொல்லிக் கூப்புடுவாரு. இருக்கோம்னு சொல்லி எந்திரிச்சுப் போய் வைக்கணும். வேற யாரும் வைக்கக் கூடாது.”

“ஆள் இல்லாட்டி?”

“மூணு தடவ கூப்புடுவாரு. அப்பறம் அந்த எடத்த அப்புடியே விட்டுருவாங்க.”

“சின்னராசா வீடு இருக்கா?” என்று பொன்னையா கூப்பிட்டார்.

“இருக்கோம்.” பள்ளிச் சீருடையில் ஒரு பெண் எழுந்து ஓடினாள்.

“காளியாயி வீடு இருக்கா?”

“இருக்கோம்.”

ஒவ்வொருவராகப் போய் வைத்தார்கள். கம்பத்தைச் சுற்றி ஒரு வட்டம் உருவாகிக்கொண்டிருந்தது.

“மூக்கன் வீடு இருக்கா?”

யாரும் எழவில்லை. பெண்கள் கம்பத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் பார்த்தார்கள். நிரஞ்சனின் கை பைக்குள் இருந்தது. செய்தித்தாள் சரசரத்தது. அவர் எழவில்லை. என்னைப் பார்த்தார். அன்று நிச்சயத்தில் எல்லோரும் சிரித்தபோது காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தது போலவே பார்த்தார். அந்த முகம் எனக்கு அப்போது புரியவில்லை.

குறுக்குப் பாதை. பீலி. படியில் உட்கார்ந்திருந்த விதம். அந்தப் பழம். வந்து பார்த்துத் தெரிந்தவை இல்லை; வீட்டில் யாரோ சொல்லிச் சொல்லித் தெரிந்தவை.

“மூக்கன் வீடு இருக்கா?” இரண்டாவது தடவை.

அவர் வறட்டியைப் பைக்கு வெளியே பாதி எடுத்தார். நான் போனை அணைத்துச் சுவெட்டர் பைக்குள் போட்டேன்.

“எந்திரிங்க” என்றேன்.

“மிருது, உங்கப்பா…”

“அப்பா இங்க இல்லை. நான்தான் இருக்கேன். எந்திரிங்க, மூணாவது தடவை கூப்பிடப் போறார்.”

பொன்னையா அவசரப்படவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கம்பளிக் கோட்டைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிவிட்டு, எங்கள் பக்கமாகவே திரும்பிக் கூப்பிட்டார்.

“மூக்கன் வீடு இருக்கா?”

நிரஞ்சன் எழுந்தார். வறட்டியை இரண்டு கையிலும் பிடித்திருந்தார். செய்தித்தாள் கீழே விழுந்தது.

“இருக்கோம்” என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். “இருக்கோம். ஏழாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. தலைமன்னாருல கப்பலேத்தி விட்டீங்களே, அந்த மூக்கனோட பேரன் நான்.”