ஐந்து மணிக்கு அடங்கும் பூச்சிகள்

பாம்பு, ஓணான், ஆமை விற்கிற கடையில் எனக்குப் பின்னறை வேலை. அவற்றுக்கு இரையாகப் போகிற சுவர்க்கோழிப் பூச்சிகளை வளர்க்க வேண்டும். முட்டை அட்டைகளைச் சொருகிய பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் பூச்சிகள். விற்பதற்கு முந்தின நாள் முழுக்கக் கேரட், கீரை, தவிடு என்று வயிறு புடைக்கத் தின்ன விடுவேன். பூச்சி தின்றதைத்தான் ஓணான் தின்கிறது. பட்டினிப் பூச்சி வெறும் ஓடு.

"சாகப்போற பூச்சிக்குப் பந்தி போடுறான் பாரு. கை கழுவத் தண்ணி ஊத்துறது ஒண்ணுதான் பாக்கி," என்பார் முதலாளி.

நாள் முழுக்க அதுகளின் கீச்சுச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. யாராவது நடந்து வந்தால் தரை அதிர்வில் கப்பென்று அடங்கிவிடும். முதலில் வாசல் பக்கப் பெட்டி, அப்புறம் நடுப் பெட்டி, அப்புறம் என் பக்கத்தில் இருப்பது. திரும்பிப் பார்க்காமலே ஆள் எங்கே வருகிறார் என்று சொல்லிவிடுவேன்.

கணவர் இறந்த பிறகு மூன்று மாதமாக ஒரு அக்கா பூச்சி வாங்க வந்துகொண்டிருந்தார். அன்று முகம் செத்துப்போய் நின்றார்.

"தம்பி, மகாராணி எழுந்து நிக்க மாட்டேங்குது. காலெல்லாம் நடுங்குது."

"யாருக்கா மகாராணி?"

"எங்க வீட்டு ஓணான். அவர் வெச்ச பேரு. நான் சக்களத்தின்னுதான் சொல்லுவேன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மூணு நாள்ல தானா தின்னலைன்னா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவர் விட்டுட்டுப் போனதுல உயிரோட இருக்கிறது அது ஒண்ணுதான் தம்பி."

"தினம் பூச்சி போடுறீங்கல்ல?"

"போடுறேனே. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அத்தனையும் காலி."

"தின்னதைப் பாத்தீங்களா?"

"ஐயோ, அருவருப்பு. கொட்டிட்டு அடுப்படிக்கு ஓடிடுவேன். அஞ்சு மணிக்குச் சத்தம் நின்னுடும், அப்புறம் டிவி சத்தத்துல ஒண்ணும் கேக்காது. தின்னு முடிச்சிடுச்சுன்னு தானே அர்த்தம்?"

மறுநாள் விடுமுறை. நன்றாகத் தின்ற மூன்று பெட்டிப் பூச்சிகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். கை கொள்ளாமல் ஒரு பெட்டியை வாசல் கதவோரமும் இன்னொன்றை உள்ளே வரும் நடைவழியிலும் வைத்தேன். மூன்றாவதோடு ஓணானின் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தொட்டிக்குள் இருந்த மரக்கட்டையைத் தூக்கினேன். அடியில் கருப்பாக அப்பியிருந்தன பூச்சிகள். ஒன்றுகூடத் தின்னப்படவில்லை. பசியில் அவைதான் மகாராணியின் கால் விரல்களையும் வால் நுனியையும் கொறித்திருந்தன.

"எல்லாம் உயிரோட இருக்குக்கா."

"அப்ப அஞ்சு மணிக்கு ஏன் அடங்குது?"

பழைய பூச்சிகளைப் பொறுக்கி அகற்றினேன். புதிதில் ஒன்றைக் கால்சியம் பவுடரில் புரட்டி, இடுக்கியில் பிடித்து நீட்டினேன். மகாராணி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்கா அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வெளியே இன்னும் வெயில் அடித்தது.

ஐந்து மணிக்கு வாசல் பெட்டி அடங்கியது. கதவு பூட்டித்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நடைவழியில் இருந்த பெட்டி அடங்கியது. அவசரமில்லாத நடை, வேலை முடிந்து அலுத்து வருகிற ஆளின் நடை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நிற்கவே இல்லை. அப்புறம் என் முழங்காலை ஒட்டியிருந்த பெட்டியும் அடங்கியது.

மகாராணி தலையைத் தூக்கியது. பார்த்தது என்னை அல்ல, என் தோளுக்கு மேலே.

ஏன் என்று தெரியவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். இடுக்கி பிடித்த என் கை தானாக ஒரு சாண் கீழே இறங்கியது. புறங்கையில் சில்லென்று இருந்தது. மகாராணி நடுங்கும் காலை ஊன்றி வந்து, நாக்கை நீட்டிப் பூச்சியைக் கவ்வி நறுக்கென்று கடித்தது. அடுத்தது நீட்டினேன். அடுத்தது. பதினொன்று தின்றது.

பிறகு பூச்சிகள் கத்த ஆரம்பித்தன. முதலில் என் பக்கத்துப் பெட்டி, அப்புறம் நடைவழி, கடைசியில் வாசல்.

அக்கா அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தார்.

"அவர் வேலை விட்டு வர்ற நேரம் அது. செருப்பைக் கழட்டினதும் நேரா அதுகிட்டதான் போவாரு. எங்கிட்ட அப்புறம்தான்." மூக்கை உறிஞ்சினார். "இன்னிக்கும் எங்கிட்ட வரல பாருங்க."

பூச்சிக்கு எப்படித் தீனி போடுவது, பவுடரில் எப்படிப் புரட்டுவது, மிச்சத்தைத் தொட்டியில் விடாமல் எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அருவருப்பை விழுங்கிக்கொண்டு கற்றுக்கொண்டார். இரண்டு வாரத்தில் மகாராணி தொட்டிக்குள் ஓட ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது வாரம் கடைக்கு வந்தார்.

"இப்பல்லாம் பெட்டியில இருக்கிற பூச்சி அஞ்சு மணிக்கு அடங்குறதே இல்ல தம்பி. கத்திக்கிட்டே இருக்கு."

"நல்லதுதானேக்கா."

அக்கா சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை பட்டினிப் பூச்சியாக் குடுங்க. பவுடரும் வேணாம்."

"மறுபடியும் படுத்துடும்க்கா."

"படுக்கட்டும். அது நல்லாத் தின்னா அவருக்கு என்ன கவலை? எதுக்கு வரப்போறாரு?"

என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. காய்ச்சல் வந்தால் ஊரிலிருந்து போன் வரும் என்பதற்காகவே காய்ச்சல் வராதா என்று காத்திருந்தவன் நான். ஆனால் மகாராணியின் கொறிபட்ட விரல்கள் கண்ணிலேயே நின்றன.

"அதைப் பட்டினி போடாதீங்கக்கா. வேணும்னா அஞ்சு மணிக்கு நான் வர்றேன். பூச்சியும் நானே கொண்டாறேன், நானே குடுக்குறேன்."

அக்கா வெகுநேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பவுடர் டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கதவைத் தாழ் போடாம வெச்சிருக்கேன். செருப்பை வாசல்லயே கழட்டிடுங்க. மெதுவா நடந்து வாங்க, அவர் வேகமா நடக்க மாட்டாரு. நான் அடுப்படியில இருப்பேன். என்னைக் கூப்பிடாதீங்க தம்பி. ஒரு வார்த்தையும் பேசாதீங்க."