நாற்பத்தோராம் இலக்கத் தகடு

1997 தீபாவளிக்கு மறுநாள், இலங்கையில் குருவிட்டவுக்கு மேலே இருக்கும் மேல்கந்தை ரப்பர் தோட்டத்தில், ஆளில்லாத பீரங்கி ஒன்று பொலிஸ் ஜீப்பைக் கண்டு தானாகத் திரும்பியது. மற்றபடி அன்று மழை இல்லை, பால் நன்றாக வடிந்தது. பீரங்கி தோட்டத்துடையது அல்ல. போரில் இருந்த நம் அரசாங்கத்துக்கு ஒரு பணக்கார நாடு உதவியாகக் கொடுத்தது. இழுத்துப்போன லொறி அச்சு முறிந்து ஸ்டோர் வாசலில் நின்றுவிட, ராணுவம் லொறியை மட்டும் கொண்டுபோனது. தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் இரத்தினசபாபதியிடம் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு பீரங்கியை விட்டுச் சென்றது.

கொடுத்த நாட்டுக்கு மனச்சாட்சி உண்டு. சண்டை நடக்கும் நாட்டுக்குத் தாக்கும் ஆயுதம் கொடுப்பது பாவம், தற்காக்கும் ஆயுதம் கொடுப்பது தர்மம் என்று அதன் பாராளுமன்றம் தீர்மானித்திருந்தது. இரண்டும் ஒரே பட்டறையில் வார்த்தவை, போடும் குண்டும் ஒன்றேதான். தர்மத்துக்குரியதில் மட்டும் நாலு திருகாணி வைத்து ஒரு பித்தளைத் தகட்டை முடுக்குவார்கள்: 'தற்காப்புக்கு மட்டும். இலக்கம் 41.' அரசாங்கத்தில் ஒருவரும் அதை வாசிக்கவில்லை. பீரங்கிதான், பாவம், நம்பித் தொலைத்தது.

ஜீப் வந்தது இந்திரகுமாரைத் தேடி. பால் வெட்டும் அழகம்மாவின் ஒரே மகன், பத்தொன்பது வயது, கொழும்பில் கடை வேலை, பண்டிகைக்கு வந்திருந்தான். பிறப்புப் பதிவு இல்லை, ஆகவே அடையாள அட்டையும் இல்லை. எந்த ஊரில் குண்டு வெடித்தாலும் இங்கே ஜீப் வந்து, "ஐடென்டிடி கோ?" என்று சிங்களத்தில் அட்டையைக் கேட்டு, அது இல்லாத பையன்களை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களில் இருவர் இன்னும் வரவில்லை. அன்று ஜீப் கீழ் ரோட்டில் வந்தது, பீரங்கி கீழே பார்த்தது. மேல் ரோட்டால் வந்தது, மேலே பார்த்தது. ஏழு தடவை இந்தக் கூத்து. எட்டாம் தடவை ஜீப் வரவில்லை. அழகம்மா தேங்காய் உடைத்து, பீரங்கிக்குச் சந்தனம் பூசி, "ஏஞ் சாமி, நீயாவது கேட்டியே!" என்று வாய்விட்டு அழுதாள்.

விஷயம் கொடுத்த நாட்டின் தூதரகத்துக்குப் போய், அடுத்த மாசியில் ஒரு வெள்ளைக்கார நிபுணரும் நம் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் வந்து துரை பங்களாவில் நாலு நாள் தங்கினார்கள். தண்ணீர் கேட்டு ஜீப்பை அனுப்பினார்கள், பீரங்கி அசையவில்லை. இந்திரகுமாரைப் பிடிக்க அனுப்பினார்கள், திரும்பியது. கருவியில் பழுதில்லை என்று நிபுணர் எழுதினார். எங்களுக்கு எதிராகத் தற்காத்தால் அது தாக்குதல் இல்லையா என்று அதிகாரி குதித்தார். யாரைத் தற்காக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இல்லையே என்று நிபுணர் கையை விரித்தார். கடைசியில் ஐந்தாம் நாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு முடிந்த கையோடு, தகட்டைக் கழற்றினார்கள். அவ்வளவுதான், பீரங்கி சொன்ன பக்கம் பார்க்க ஆரம்பித்தது. வடக்கே அனுப்ப லொறியில் கொளுவினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அழகம்மா முன்னால் வந்தாள். "தொரை, கழட்டுன தகட்ட என்னா செய்யப் போறீங்க?"

நிபுணருக்கே அதுதான் கவலை. இலக்கம் இருந்து பொருள் இல்லாவிட்டால் இரண்டு வருடம் விளக்கம் எழுத வேண்டும்.

"அவ தன்ர மகனுக்குக் கேக்கிறா," என்று இரத்தினசபாபதி மொழிபெயர்த்துவிட்டு, பயத்தில், "நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றும் சேர்த்துக்கொண்டார்.

நிபுணர் யோசிக்கவே இல்லை. இந்திரகுமாரை நிறுத்தி அளந்தார். இலக்கம் 41, உயரம் ஐந்தடி ஆறங்குலம், துரு இல்லை என்று பட்டியலில் எழுதினார். கறுப்புக் கயிற்றில் தகட்டைக் கோத்து அழகம்மாவே மகனின் கழுத்தில் கட்டினாள்.

அன்றிலிருந்து அவிசாவளையிலும் கொழும்பிலும் எந்தச் சோதனைச் சாவடியிலும் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கவில்லை. வெளிநாட்டு உதவிப் பொருளை யார் தொடுவது? ஆனால் பீரங்கியைப் போலவே அவனும் தகட்டை நம்பிவிட்டான். கடிக்காத கொசுவை அவனால் அடிக்க முடியவில்லை. யாராவது பேசினால்தான் பதில் வரும். ஆகவே 2002இல் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் சுதர்ஷினியே வந்து, "என்னைய கட்டிக்கிறீங்களா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை தூதரகத்து ஆள் வந்து, அவனைச் சுற்றி நடந்து பார்த்து, பாவனைக்கு உகந்தது என்று கையெழுத்திட்டுப் போவார்.

2009இல் போர் முடிந்தது. குருவிட்டவில் பாற்சோறு கொடுத்தார்கள், வெடி கொளுத்தினார்கள். அழகம்மா மட்டும் சோறு இறங்காமல் கிடந்தாள். போர் இல்லையென்றால் உதவியும் இல்லை, உதவி இல்லையென்றால் தகடு எதற்கு? அவள் பயந்தபடியே ஐப்பசியில் ஓர் அதிகாரி பட்டியலோடு வந்தார். ஸ்டோர் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். கொடுத்த நாடு எல்லாப் பொருட்களையும் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டதாம். நாற்பத்தோராம் இலக்கமும் இனி இலங்கை அரசாங்கத்தின் சொத்து.

"அப்ப எம் புள்ளைய புடிக்க மாட்டாங்கதானே, ஐயா?"

"அரசாங்கத்தின்ர பொருளை அரசாங்கமே ஏன் பிடிக்கப்போகுது, அழகம்மா?" என்றார் இரத்தினசபாபதி. இம்முறை பயப்படாமல்தான் சொன்னார்.

அழகம்மாவின் அப்பா இதே தோட்டத்தில் பிறந்து, இந்த நாட்டுப் பிரஜை என்று ஒரு தாள் கேட்டு முப்பது வருடம் எழுதிப்போட்டு, பதில் வராமலே செத்தவர். பேரன் ஒரு நிமிடத்தில் நாட்டுக்குச் சொந்தமாகிவிட்டான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அப்போது சுதர்ஷினி, ஆறு வயது மகள் தனுஜாவின் கையைப் பிடித்தபடி, இவளுக்கும் ஏதாவது எழுத முடியுமா என்று கேட்டாள். அதிகாரி நல்ல மனுஷர். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, நாற்பத்தொன்றின் உதிரிப் பாகம் என்று சேர்க்கலாம் என்றார்.

"சேத்துக்கங்க தொரை, சேத்துக்கங்க!" என்றாள் அழகம்மா.

செய்தி லயத்துக்கு லயம் ஓடியது. பகல் பன்னிரண்டு மணிக்கெல்லாம், பிள்ளைகளுக்குத் தலை சீவிப் பவுடர் பூசி, தாய்மார் ஸ்டோர் வாசலிலிருந்து கடைசி லயம் வரை வரிசையில் நின்றார்கள். அதிகாரி இன்னும் தாள் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்.